வீடு, துப்பாக்கி, பயம்: தற்காப்புக்கு எல்லை எது?



ராத்திரி நேரத்தில் வீட்டுக்குள் ஒருத்தன் புகுந்துவிட்டால் நாம் எதுவரை போகலாம்? அடிக்கலாமா? சுடலாமா? ஒவ்வொரு நாடும் இதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். "டிப்ளமோ படிக்கிற நமக்குச் சட்டம் எதுக்குப்பா?" என்று கேட்பவர்களுக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

அமெரிக்கா

'ஒருவனுடைய வீடே அவனுக்குக் கோட்டை' என்ற கருத்து 1604-இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. அது அமெரிக்காவுக்குப் போய் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை 1791 முதல் அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் விளைவை ஒரு மாணவனின் கதை காட்டுகிறது. யோஷிஹிரோ ஹட்டோரி, வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானிலிருந்து லூசியானா மாநிலத்துக்குப் படிக்கப் போனவன். 1992 அக்டோபர் 17 அன்று நண்பனோடு ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பினான். வீடு மாறிப்போச்சு! மணியடித்தார்கள். எட்டிப் பார்த்த பெண்மணி பயந்துபோய்த் துப்பாக்கியை எடுக்கும்படி கணவரிடம் சொன்னார். அவர் ரிவால்வரை நீட்டி 'ஃப்ரீஸ்' என்றார். அசையாதே என்று அர்த்தம். பையனுக்கு அது புரியவில்லை போலும். விருந்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டு. உயிர் போய்விட்டது.

1993-இல் ஜூரிகள் அந்த வீட்டுக்காரரை விடுதலை செய்தார்கள். 1994-இல் சிவில் வழக்கை விசாரித்த நீதிபதியோ, சுட்டதில் நியாயமில்லை என்று கூறி, பெற்றோருக்குச் சுமார் 6.5 லட்சம் டாலர் தரச் சொன்னார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு தீர்ப்பா? ஆமாம். கிரிமினல் வழக்கில் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாக வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும்.

ஜப்பானும் இங்கிலாந்தும்

ஜப்பானில் 1958-ஆம் வருடச் சட்டப்படி சாதாரண மக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேட்டைத் துப்பாக்கி வேண்டுமென்றால் வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று எல்லாம் உண்டு. தற்காப்பு உரிமை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டித் துப்பாக்கி வாங்க முடியாது.

இங்கிலாந்தில் 1999-இல் ஒரு விவசாயி, வீடு புகுந்த இருவரைச் சுட்டார். அவர்களில் 16 வயதுப் பையன் இறந்துபோனான். 2000-இல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-இல் அவருடைய மனநிலையைக் கருதி அது குறைக்கப்பட்டது. நாடு முழுக்க ஒரே விவாதம்! வீட்டுக்காரர் பதற்றத்தில் கொஞ்சம் அளவு மீறினாலும் மன்னிக்கலாம், ஒரேயடியாக மீறக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது.

நம் நாட்டில்

1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். தற்காப்பு உரிமை 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ராத்திரியில் வீட்டை உடைத்துப் புகுபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது குற்றமாகாமல் போகலாம். ஆனால் இரண்டு நிபந்தனை: தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது, போலீஸை அணுக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

நம் பாஷையில் சொன்னால், இது சர்க்யூட் பிரேக்கர் மாதிரி. கோளாறு வரும்போது துண்டிக்கணும். அதற்காக வீட்டையே கொளுத்தக்கூடாது!

எல்லா நாட்டுச் சட்டமும் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது: அந்தப் பயம் நியாயமானதா? துப்பாக்கி கையில் இருந்தால் அதை யோசிக்கக் கிடைப்பது ஒரு சில வினாடிதான். அதனால்தான் எனக்கு ஜப்பான் வழி பிடித்திருக்கிறது.

நமக்கு எதுக்கு என்று கேட்டீர்களே? நம்மிடம் துப்பாக்கி இல்லை, சரி. ஆனால் பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே அடிப்பதை நாம் பார்க்கிறோம். ஹாஸ்டலில் செல்போன் காணோம் என்றால் சந்தேகப்பட்டவனை நாலு பேர் சேர்ந்து சாத்துகிறோம். கட்டிப்போட்டவனால் நமக்கு என்ன ஆபத்து? அங்கே தற்காப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் குற்றம். கேஸ் நம் மேல்தான் வரும், டிப்ளமோவும் போகும். அதைவிட, அடி வாங்கியவன் நிரபராதி என்று மறுநாள் தெரிந்தால் அந்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா?

கையை ஓங்குமுன் ஒரு நிமிஷம் யோசிப்போம், நண்பர்களே!