அச்சும் உலையும்: 200 அங்குலக் கண்ணாடி வார்க்கப்பட்ட வரலாறு

கொதிக்கும் தேநீரைத் தடித்த கண்ணாடிக் குவளையில் சட்டென ஊற்றினால் குவளை வெடித்துவிடுகிறது. மெல்லிய குவளையோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. தடித்தது வலியது, மெல்லியது நொய்யது என்று எண்ணிப் பழகியோருக்கு இது புதிராகவே தோன்றும். காரணம் எளியது. வெப்பம் கண்ணாடியினூடே மிக மெதுவாகவே செல்லும். உட்புறம் சூடேறி விரிகின்றபோது வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றது. விரிய முயலும் பகுதியும் விரிய மறுக்கும் பகுதியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுவிசையைத் தாங்காது கண்ணாடி பிளந்துவிடுகிறது. மெல்லிய குவளையில் உள்ளும் புறமும் விரைவில் ஒரே சூட்டை அடைந்துவிடுவதால் இழுபறிக்கு இடமில்லை.

கண்ணாடியை உருக்கி அச்சில் வார்ப்போரின் தொல்லைகளுட் பெரும்பாலானவை இந்தத் தேநீர்க் குவளையின் கதைதான். ஆனால் தலைகீழாக நடைபெறுவது. உருகிய கண்ணாடி ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உட்புறம் பின்னர் ஆறிச் சுருங்க முயலும். இறுகிய மேற்பகுதி அதற்கு இடங்கொடாது. இவ்வாறு உள்ளே அடைபட்ட விசை வெளியில் தெரிவதில்லை. பொருள் பளபளவென்று அழகாகவே தோன்றும். பல நாட்களின் பின் ஒரு சிறு கீறல் பட்டதும், அல்லது யாரும் தொடாமலேகூட, அது இரண்டாகப் பிளக்கும். இதைத் தவிர்ப்பதற்காகவே வார்த்த கண்ணாடியை உடனே குளிரவிடாது, இறுகும் நிலைக்கு அண்மையான ஒரு வெப்பநிலையில், உள்ளும் புறமும் ஒரே சூடு பரவும்வரை நிறுத்திவைத்து, பின்னர் சிறிது சிறிதாகச் சூட்டைக் குறைக்கின்றனர். இதற்குக் கண்ணாடியை ஆற்றுதல் என்று பெயர். ஆற்றுவதற்குரிய காலம் தடிப்போடு சேர்ந்து வளர்வதில்லை. தடிப்பின் வர்க்கத்தோடு வளர்கின்றது. தடிப்பு இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். ஓர் அங்குலத் தடிப்புள்ள வார்ப்பில் வெற்றி கண்டவர், அதே முறையால் நான்கங்குல வார்ப்பைச் செய்யத் துணிந்து ஏமாறுவது இதனாலேயே.

சிறு பட்டறைகளில் கண்ணாடி வார்ப்போர் பெரும்பாலும் பாரிசுச் சாந்தையும் சிலிக்காத் தூளையும் கலந்து அச்சுச் செய்கின்றனர். வார்ப்புப் பழுதாகும்போது முதலில் எழும் வினா, குற்றம் அச்சினதா உலையினதா என்பதே. உடைந்த துண்டே இதற்கு விடை சொல்லும். பிளவின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், சூடேற்றும்போதே கண்ணாடித் துண்டு வெடித்து, பின்னர் உருகும் சூட்டில் அந்த விளிம்பு மழுங்கியது என்று கொள்ள வேண்டும். உலையை மிக விரைவாகச் சூடேற்றிவிட்டனர். விளிம்பு கத்திபோற் கூராக இருந்தால் பிளவு ஆறும்போது நேர்ந்தது. ஆற்றிய காலம் போதவில்லை. வார்ப்பின் ஓரத்திலே மெல்லிய தகடுபோன்ற பிதுக்கங்கள் காணப்பட்டால் அச்சு வெடித்து, அந்த வெடிப்பினுள் கண்ணாடி புகுந்திருக்கின்றது. ஈரம் நன்கு உலராத அச்சைச் சூட்டில் இட்டால் நீர் ஆவியாகி அச்சைப் பிளக்கும். ஒரே கண்ணாடியால் ஆகிய வார்ப்பில் உள்ளே அடைபட்ட விசை உண்டா என்று அறிய வேறொரு வழியும் உண்டு. ஒளியை ஒரு தளத்தில் மட்டும் செல்லவிடும் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கிடையே வார்ப்பைப் பிடித்துப் பார்த்தால், விசை உள்ள இடங்கள் வெளிச்சமாகவோ வண்ணமாகவோ தெரியும். நன்றாக ஆறிய கண்ணாடி இருண்டே காணப்படும்.

இங்ஙனம் அச்சின் குற்றத்தையும் உலையின் குற்றத்தையும் பிரித்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கமே. ஆயினும் இவ்விரண்டும் உண்மையில் வெவ்வேறானவை அல்ல என்பதை, உலகறிந்த ஒரு வார்ப்பின் வரலாறு காட்டுகின்றது.

வானியலாளர் ஜோர்ஜ் எலரி ஹேல் என்பவர் கலிபோர்னியாவிலே மவுண்ட் வில்சன் மலையில் 100 அங்குலக் குறுக்களவுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நிறுவியவர். அதற்கான வட்டக் கண்ணாடி 1908-ஆம் ஆண்டிலே பிரான்சின் சென் கோபேன் ஆலையில் வார்க்கப்பட்டது. அத்துணைக் கண்ணாடியை ஒரே கலத்தில் உருக்க இயலாமையால் மூன்று கலங்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அச்சில் ஊற்றினர். ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடையே காற்றுக் குமிழிகள் அகப்பட்டுக்கொண்டன. கண்ணாடியைப் பார்த்த ஹேல் முதலில் அதனை ஏற்கவில்லை. மீண்டும் வார்த்த முயற்சிகள் பயன்தராமற் போயின. ஒன்று ஆறும்போதே உடைந்தது. ஈற்றில் குமிழிகள் நிறைந்த அந்த முதற் கண்ணாடியையே தேய்த்து மெருகிட்டு 1917-இல் தொலைநோக்கியில் அமைத்தனர். கண்ணுக்குப் புலப்பட்ட குற்றம் தீங்கு செய்யவில்லை என்பது பின்னரே விளங்கியது. குமிழிகள் மேற்பரப்புக்குக் கீழே கிடந்தன; ஒளியைத் திருப்பி அனுப்புவதோ மேற்பரப்பின்மீது பூசிய வெள்ளிப் படலம்.

1928-ஆம் ஆண்டிலே ரொக்பெல்லர் நிதியத்தார் அறுபது இலட்சம் டொலர் உதவ முன்வரவே, ஹேல் 200 அங்குலக் கண்ணாடிக்குத் திட்டமிட்டார். சூட்டில் மிகக் குறைவாக விரியும் உருகிய படிகக்கல்லால் அதனை ஆக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் முயன்றது. பெரும்பொருள் செலவாகியும் முயற்சி கைகூடவில்லை. அதன்பின் இந்தப் பணி நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோர்னிங் கண்ணாடி ஆலையை வந்தடைந்தது. அவ்வாலையின் பைரெக்ஸ் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றிலொரு பங்கு அளவே விரியும். இல்லங்களில் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்களால் பலரும் அறிந்த பெயர் அது. பணிக்குப் பொறுப்பானவர் ஜோர்ஜ் மக்கோலி என்னும் பௌதிகவியலாளர். அவர் எடுத்த எடுப்பிலே பெரியதை வார்க்கவில்லை. 26, 30, 60, 120 அங்குலம் என்று படிப்படியாகவே ஏறினார்.

200 அங்குலம் என்பது ஏறக்குறைய 17 அடி. அத்துணை அகலத்துக்குத் தக்க தடிப்புடன் திண்மமாக வார்த்தால் கண்ணாடியை ஆற்றப் பல ஆண்டுகள் செல்லும். தாங்கிச் சுழற்றும் பொறியும் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆதலின் பின்புறத்தைத் தேனடை போலக் குழிகளாகவும் விலாக்களாகவும் அமைத்தனர். அச்சின் தரையிலே தீயைத் தாங்கும் செங்கல்லால் ஆகிய கட்டைகளை வரிசையாக நிறுத்திவிட்டால், உருகிய கண்ணாடி அவற்றைச் சூழ்ந்து பாய்ந்து, ஆறியபின் கட்டைகள் இருந்த இடம் குழியாகும். இத்தகைய கட்டைகள் 114 நிறுத்தப்பட்டன. அவற்றால் பாரம் ஏறத்தாழ அரைவாசியானது. அதனினும் முக்கியம், கண்ணாடியில் எந்தப் பகுதியும் சில அங்குலங்களுக்கு மேல் தடிப்பாக இராது. ஆகவே ஆற்றும் காலம் மாதக்கணக்கிலே அடங்கியது. உலையின் வேலையைக் குறைப்பதற்காகவே அச்சிலே கட்டைகள் வைக்கப்பட்டன என்று சொன்னால் மிகையாகாது.

1934 மார்ச் 25-ஆந் திகதி வார்ப்பு நடைபெற்றது. பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கானோர் கூடினர். உருக்கு உலையிலிருந்து பெரிய இரும்பு அகப்பைகளில் கண்ணாடியை மொண்டு, மேலே தொங்கும் தண்டவாளத்தின் வழியே நகர்த்திச் சென்று, குவிமாடம் போன்ற மற்றோர் உலையினுள் இருந்த அச்சில் ஊற்றினர். ஒவ்வோர் அகப்பையும் ஊற்றி முடிப்பதற்குள் முன்னர் ஊற்றியது இறுகிவிடாதிருக்க, அச்சுக்கு மேலே உலை எரிந்துகொண்டே இருந்தது. மவுண்ட் வில்சன் கண்ணாடியின் படைகளுக்கிடையே குமிழி அகப்பட்ட குற்றத்துக்கு இது தக்க மருந்தாகும். மருந்தோ வேறொரு நோயைத் தந்தது.

செங்கல் நுண்துளைகள் உடையது. உருகிய கண்ணாடியைவிட இலேசானது. கட்டிவைக்காவிட்டால் நீரில் மரக்கட்டை மிதப்பதுபோல் மிதந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு கட்டையையும் உருக்குக் கம்பியால் அச்சின் அடியோடு பிணைத்திருந்தனர். மணிக்கணக்காக எரிந்த உலையின் சூடு செங்கல்லினூடே இறங்கிக் கம்பிகளை எட்டியது. கம்பிகள் இளகித் தளர்ந்தன. கூடியிருந்தோர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கட்டைகள் சில அடியிலிருந்து பிடுங்குண்டு மேலே மிதந்து வந்தன.

கட்டை பெயர்ந்த இடத்திலே குழி இல்லை. அங்கு கண்ணாடி திண்மமாக நிறைந்தது. தடிப்பின் வர்க்கம் பற்றி முன்னர்க் கூறியதை இங்கு நினைவுகூர வேண்டும். அச்சிலே நேர்ந்த பிழை அப்படியே ஆற்றுலையின் சுமையாக மாறிவிட்டது. ஓரிடம் விரைவாகவும் மற்றோரிடம் மெதுவாகவும் ஆறும் கண்ணாடி நம்பத்தக்கதல்ல. மிதந்த கட்டைகளை அகற்றி வார்ப்பை முடித்தாராயினும், மலையுச்சிக்குச் செல்லத்தக்க கண்ணாடியாக அதனைக் கொள்ளவில்லை. ஆறாண்டுத் திட்டம், அறுபது இலட்சம் டொலர், அதுவரை பட்ட பாடெல்லாம் விரற்கடைத் தடிப்புள்ள இரும்புக் கம்பிகளிலே தொங்கின.

மக்கோலி அச்சின் வடிவத்தை மாற்றவில்லை. கண்ணாடியின் கலவையை மாற்றவில்லை. உலையின் சூட்டைக் குறைக்கவும் இல்லை. பலர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிட்டு, எது பயன்தந்தது என்று அறியாமல் நிற்பர். அவர் தளர்ந்த பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டார். சாதாரண உருக்குக்குப் பதிலாகக் குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்காற் கம்பிகள் செய்யப்பட்டன. கட்டைகளினூடே காற்றைச் செலுத்திக் கம்பிகளை வார்ப்பு முடியும்வரை குளிர்ச்சியாக வைத்திருக்கவும் ஏற்பாடாயிற்று. 1934 டிசம்பர் 2-ஆந் திகதி, இம்முறை பெருங் கூட்டமும் ஆரவாரமும் இன்றி, கண்ணாடி மீண்டும் ஊற்றப்பட்டது. ஒரு கட்டையேனும் அசையவில்லை.

அதன்பின் அச்சை உலையின் அடியிலிருந்து இறக்கி, மின்சாரத்தாற் சூடேறும் ஆற்றுலைக்குக் கொண்டுசென்றனர். முதலில் கண்ணாடியை ஒரே சூட்டில் வாரக்கணக்காக நிறுத்திவைத்து, பின்னர் நாளொன்றுக்கு ஒரு சதமபாகைக்கும் குறைவாகவே சூட்டைத் தணித்தனர். பத்து மாதம் இவ்வாறு சென்றது. இடையிலே மூடியைத் திறந்து பார்க்க வழியில்லை. உள்ளே இருப்பது முழுக் கண்ணாடியா இரண்டு துண்டுகளா என்பதை எவரும் அறியார். அடுப்பிலே சோற்றை வைத்துவிட்டுப் பத்து மாதம் மூடி திறவாதிருக்கும் பொறுமையை இதற்கு ஒப்பிடலாம்.

1935 யூலையிலே செமங் ஆறு பெருகிக் கோர்னிங் நகரினுள் வெள்ளம் புகுந்தது. நீர் ஆற்றுலையின் மின் கருவிகளை அணுகவே, தொழிலாளர் அவற்றை உயரமான இடத்துக்கு மாற்றினர். ஏறத்தாழ மூன்று நாட்கள் உலைக்கு மின்சாரம் இல்லை. நாளுக்கு ஒரு பாகைக்கும் குறைவாகத் தணிக்க வேண்டிய கண்ணாடிக்கு மூன்று நாள் என்பது பெருங் கண்டமே. ஆனால் உலையைச் சுற்றியிருந்த வெப்பக் காப்பும், ஏறக்குறைய 20 தொன் கண்ணாடி தன்னுள் சேர்த்துவைத்திருந்த சூடும் அதற்குக் கைகொடுத்தன. வீட்டுக் குவளைக்குப் பகையாகும் அதே தடிப்பும் பாரமும் இங்கு காவலாயின. மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து பணி தொடர்ந்தது. உலையைத் திறந்து பார்த்தபோது கண்ணாடி பிளவின்றி முழுதாகவே இருந்தது.

1936-ஆம் ஆண்டின் இளவேனிலில் அந்தக் கண்ணாடி, நிமிர்த்தி நிறுத்தப்பட்ட நிலையில், தனிப் புகைவண்டியில் அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து பசடீனா நகரை அடைந்தது. அங்கே தேய்த்து மெருகிடும் வேலை, போர்க்காலத்தில் நின்று மீண்டும் தொடங்கி, 1947 வரை நீடித்தது. 20 தொன் கண்ணாடி தேய்ந்து 14½ தொன் ஆயிற்று. பலோமார் மலையில் நிறுவப்பட்ட அத்தொலைநோக்கி 1948 யூன் 3-ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டு, ஹேலின் பெயரைப் பெற்றது. அவர் அதைக் காணவில்லை, 1938-இல் மறைந்துவிட்டார். கட்டைகள் மிதந்த முதற் கண்ணாடியும் வீணாகவில்லை. கோர்னிங் நகரின் கண்ணாடி அரும்பொருட் காட்சிச்சாலையில் அதனைக் காணலாம்.

பின்வந்தோர் இதே தேனடை முறையை வேறு விதமாகக் கையாள்கின்றனர். அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில், கண்ணாடிக் கட்டிகளை அச்சின்மீது அடுக்கி, உலை முழுவதையும் சுழலவைத்து உருக்குகின்றனர். சுழலும் நீரின் நடு தாழ்ந்து ஓரம் உயர்வதுபோல், உருகிய கண்ணாடியும் தானாகவே குழிந்த வடிவத்தை ஏற்கின்றது. பின்னர் தேய்க்க வேண்டிய அளவு மிகக் குறைகின்றது. அகப்பையும் இல்லை, படைகளுக்கிடையே குமிழியும் இல்லை. அச்சுக் கட்டைகளோ இன்றும் மிதக்கவே முயல்கின்றன. ஆகவே அவற்றை உருக்கால் அன்றி, சிலிக்கன் காபைட் என்னும் சூடு தாங்கும் பொருளாலான ஆணிகளாற் பிணைக்கின்றனர். இவ்வளவு முன்னெச்சரிக்கையின் பின்னும் 1997-இன் தொடக்கத்திலே, 8.4 மீற்றர்க் கண்ணாடியொன்றை வார்க்கையில் அச்சு கசிந்து, ஏறத்தாழ இரண்டு தொன் கண்ணாடி உலையினுள் ஒழுகிவிட்டது. மேற்பரப்பு சில இடங்களில் வேண்டிய தடிப்பைப் பெறவில்லை. அவர்கள் வார்ப்பை உடைத்தெறியவில்லை. குறைந்த அளவுக்குப் புதிய கண்ணாடிக் கட்டிகளை அதன்மேல் அடுக்கி, சில மாதங்களின் பின் உலையை மீண்டும் மூட்டி, பழையதும் புதியதும் ஒன்றாகும்படி உருக்கி எடுத்தனர்.