புது வீட்டில் காற்றையும் கவனியுங்கள்



கீழே கடை, பின்கட்டில் குடோன், மாடியில் குடும்பம் என்று வீடு கட்டுவது நம் தொழிலில் நெடுநாளைய வழக்கம். முகூர்த்த நாள் குறித்துவிட்டால் முந்தின இரவு வரை பெயிண்டர் வேலை செய்வார். மறுநாள் விடியலில் பால் காய்ச்சி, அன்றே குடியேறிவிடுவோம். புது வீட்டு வாசனை நமக்குப் பெருமைதான். ஆனால் கண் எரிச்சலும், தலைவலியும், பிள்ளைகளுக்கு இருமலும் அந்த வாசனையாலேயே வரலாம்.

பெயிண்ட், வார்னிஷ் ஆகியவற்றில் உள்ள கரைப்பான்கள் ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. பிளைவுட் அலமாரிகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு மாதக்கணக்கில் கசிகிறது. இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது. வெயிலும் ஈரமும் கூடும்போது கசிவும் கூடும்.

ஆகவே, பெயிண்ட், மர வேலைகளைக் கிரகப்பிரவேசத்திற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் தினமும் திறந்து வையுங்கள். அலமாரிக் கதவுகளையும் திறந்து போடுங்கள். பிளைவுட் வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு குறைந்த ரகமா என்று கேளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 1.11.2017 முதல் நம் நாட்டில் சட்டம். டப்பாவில் அந்த அறிவிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கமாட்டோம்; ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். புதுச் சுவரிலும் ஈரம் நாளாகத்தான் காயும். பீரோவையும் கட்டிலையும் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

கொசுவத்தியை நாமே விற்கிறோம். சீன, மலேசியச் சுருள்களை வைத்து நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று தெரிந்தது. மூடிய படுக்கையறையில் அதை ஏற்றாதீர்கள். புது வீட்டு ஜன்னல்களுக்குக் கட்டும்போதே கொசுவலை அடித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. குடோனில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடும். சுவர் விரிசல், மாடிப்படி, குழாய்த் துளை வழியாக அது வீட்டுக்குள் வரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வாசனை வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கவும் கூடாது. இம்மாத்திரையைத் தனியார் தாமாகப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. அரசு அமைப்புகளுக்கும் பூச்சித் தடுப்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. மேலே ஆள் குடியிருக்கும் குடோனில் இதை வைக்கவே வேண்டாம். மருந்தடிக்க வேண்டிய சரக்கை, குடியிருப்பு இல்லாத வேறு குடோனுக்கு மாற்றி, உரியவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

சரக்கு கெட்டால் அடுத்த லோடில் ஈடு செய்துகொள்ளலாம். மாடியில் உறங்கும் குடும்பத்திற்கு ஈடு ஏது? வீடு கட்டும் உறுப்பினர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.