நோவும் நிவாரணமும் – 9: மலையடிவாரத்தில் ஒரு முயற்சி

அபினி வகை வலிநிவாரணிகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க வைத்தியசாலைகளில் எவ்வளவு தாராளமாகப் புழங்கின என்பதைச் சென்ற இதழ்களில் விவரித்தோம். அவற்றின் உபத்திரவத்துக்கு ஆளான ஒரு சிறிய பிரதேசத்தின் ஜனங்கள், அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், தாங்களே கூடிச் செய்த காரியத்தை இந்த வாரம் பார்ப்போம்.

வட கரோலினா மாநிலத்தின் வடமேற்கில், ப்ளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில், சுமார் 70,000 பேர் வாழும் வில்க்ஸ் கவுண்டி, மரச்சாமான் தொழிற்சாலைகளையும் நெசவாலைகளையும் கோழிப் பண்ணைகளையும் நம்பி ஜீவித்த பூமி. உழைத்து நொந்த தேகங்களுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுப்பது அங்கே வைத்தியர்களின் நித்திய காரியமாயிருந்தது. ஆலைகள் மூடப்பட்டு வேலை போன வீடுகளிலும் மாத்திரைப் புட்டிகள் மட்டும் எஞ்சியிருந்தன. 2009-ஆம் ஆண்டில் அளவு மீறிய மருந்தால் நேர்ந்த மரணங்கள் லட்சம் பேருக்கு 46.6 என்ற விகிதத்தை எட்டின. மாண்டவர்களில் பெரும்பாலோர் தெருவில் விற்கும் ஹெராயினால் மாண்டவர்கள் அல்லர். வைத்தியரின் சீட்டில் வந்த மருந்தே அவர்கள் பிராணனைக் கொண்டுபோயிற்று.

மரணத்தறுவாயிலுள்ள நோயாளிகளைப் பேணும் ஹாஸ்பிஸ் ஸ்தாபனத்தில் போதகராயிருந்த ஃபிரெட் பிரேசன், வீடு வீடாகச் சென்று வந்தபோது, நோயாளிக்கென வைத்திருந்த மாத்திரைகள் உறவினராலும் அயலாராலும் களவாடப்படுவதையும், விற்கப்படுவதையும், நல்லெண்ணத்தோடேகூடப் பகிரப்படுவதையும் கண்டார். மருந்தை வீட்டிலிருந்து அகற்றினால் சாகப்போகிறவர் சித்திரவதைப்படுவார். வைத்திருந்தால் சாக வேண்டாதவர் சாவார். இந்தத் தர்மசங்கடத்தின் இரு முனைகளில் எதையும் அவர் உதறிவிடவில்லை என்பதையே நான் அவருடைய பெருமையாகக் கருதுகிறேன். வலியால் துடிப்பவனுக்கு மருந்தை மறுப்பது பரிகாரமாகாது என்பதை, கட்டிலருகே அமர்ந்து பிரார்த்தித்த ஒருவர் அறிந்திருந்ததில் வியப்பில்லை. மரித்து உயிர்த்தெழுந்த லாசருவின் பெயரால் 2008-ல் அவர் தொடங்கிய திட்டத்தில் தேவாலயங்களும் பள்ளிகளும், ஷெரீபும் சுகாதார அதிகாரிகளும், வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வைத்தியர்களுக்குப் போதனை நடந்தது. எந்த நோயாளி எத்தனை இடங்களில் மாத்திரை வாங்கியிருக்கிறார் என்பதை மாநிலப் பதிவேட்டில் பார்த்த பிறகே சீட்டு எழுதும் வழக்கம் வளர்ந்தது. நாட்பட்ட வலிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் இம்மருந்துகளை வழங்குவதற்கு வரம்பு ஏற்பட்டது. மீந்த மாத்திரைகளைத் திரும்பப் பெற ஏற்பாடாயிற்று. வைத்திருந்தே தீர வேண்டியவர்களுக்கு, பூட்டி வைக்கும் அவசியம் எடுத்துச் சொல்லப்பட்டது.

இவை அனைத்தையும்விட முக்கியமானது நலாக்சோன் என்ற மாற்றுமருந்தைக் குடும்பத்தார் கையில் கொடுத்தது. அபினி வகை மருந்து மூளையில் தான் பற்றிக்கொள்ளும் இடங்களைப் பற்றியதும், சுவாசத்தை நடத்தும் ஆற்றல் மெல்ல மெல்ல ஒடுங்குகிறது; உதடும் நகமும் நீலம் பாய்கின்றன; கண்மணி ஊசிமுனையளவு சுருங்குகிறது. கரகரவென்ற மூச்சுச் சத்தத்தைக் குறட்டையென்று எண்ணி, 'தூங்கட்டும்' என்று வீட்டார் விளக்கை அணைத்துவிட்டுப் போன இரவுகள் அநேகம். நலாக்சோனோ அந்த இடங்களிலிருந்து அபினியை விலக்கித் தான் அமர்ந்துகொள்கிறது. சில நிமிஷங்களில் மூச்சு திரும்புகிறது. ஆயினும் அதன் பலம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுவதால், மறுபடி மயக்கம் கவியக்கூடும். ஆகவே எழுந்து உட்கார்ந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அத்தியாவசியம். மூக்கில் பீச்சுவதற்கேற்ற கருவியோடு கூடிய சிறு பெட்டியாக இது வில்க்ஸில் விநியோகிக்கப்பட்டது. வட கரோலினா மருத்துவ வாரியம் 2008-லேயே இத்தகைய முயற்சிகளுக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டதால், வைத்தியர்களின் தயக்கத்துக்கு இடம் குறைந்தது.

மாற்றுமருந்து கைவசமிருந்தால் துர்ப்பழக்கத்துக்குத் தைரியம் பிறந்துவிடாதா என்று கேட்போர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மூச்சு நின்றவனுக்குத் திருந்துவதற்கு அவகாசம் ஏது? பிழைத்தவனைத்தான் சிகிச்சைக்கு அழைத்துப் போக முடியும்.

2010-ல் வில்க்ஸின் மரண விகிதம் 29.0-க்கு இறங்கியது, 2011-ல் இன்னும் தாழ்ந்தது. ஜனத்தொகை சிறுத்த இடத்தில் ஓரிரு வருஷக் கணக்கைக் கொண்டு எல்லாப் பெருமையையும் ஒரே திட்டத்துக்கு அளிப்பது நியாயமாகாதுதான். ஆனால் அந்தக் காலத்தில் வலிநிவாரணி பெற்றோரின் விகிதம் அங்கே மாநிலச் சராசரிக்கு மேலாகவே நீடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளிகளிடமிருந்து மருந்தைப் பறிக்காமலே சாவு குறைந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 19 ஊர்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான கட்டுரையும், நலாக்சோன் பயிற்சி நடந்த ஊர்களில் மரண விகிதம் தாழ்ந்திருந்ததையும், பயிற்சி மிகுந்த இடத்தில் அது மேலும் தாழ்ந்திருந்ததையும் காட்டிற்று.

அதே 2013-ல், நலாக்சோன் கொடுப்பவருக்கும், உதவிக்கு அழைப்பவருக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் வட கரோலினாவில் நிறைவேறியது. பிற்பாடு பெண்டனில் என்னும் கொடிய வஸ்து நாடெங்கும் புகுந்து, மாத்திரைக் காலத்து மரணங்களைச் சிறியனவாகத் தோன்றச் செய்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம். நலாக்சோன் அமெரிக்காவில் 1971-ல் அங்கீகாரம் பெற்ற மருந்து. அதை வைத்தியர் சீட்டின்றிக் கடையில் வாங்க அனுமதி பிறந்தது 2023 மார்ச்சில்.