உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரில் சிக்கும் துப்பு

புராஸ்டேட் புற்றுநோய் இருக்கலாம் என்பதற்கான தடயம் சிறுநீரிலேயே கிடைக்கும். பி.சி.ஏ.3 என்னும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுதான் அது. எந்தப் புரதத்தையும் உண்டாக்காத இந்த ஆர்.என்.ஏ., புற்று பிடித்த புராஸ்டேட் செல்களில் பல மடங்கு எகிறிவிடுகிறது. நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் டி.டி.3 என்ற பெயரில் இதை அறிவித்தார்கள்.

புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைதான் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கும், ஏன், கிருமித்தொற்றுக்கும்கூட அந்த எண் ஏறிவிடும். ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிகள் தேவையில்லாமல் நடக்க வழிவகுப்பதும் அதுதான்.

பி.சி.ஏ.3 சோதனையில் கூச்சமான கட்டம் ஒன்று உண்டு. மருத்துவர் ஆசனவாய் வழியே விரலை விட்டுப் புராஸ்டேட்டின் இரு பக்கங்களையும் அழுத்தித் தடவுவார். கழன்று வரும் செல்கள் சிறுநீர்ப் பாதையில் இறங்கும். அதனால் அடுத்துக் கழிக்கும் சிறுநீரின் முதல் பகுதியையே பிடிக்க வேண்டும். ஆர்.என்.ஏ. சட்டென்று சிதைந்துவிடும் என்பதால், அதைக் காக்கும் திரவம் உள்ள குழாய்க்கு மாற்றித்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பி.சி.ஏ.3 ஆர்.என்.ஏ.வை பி.எஸ்.ஏ. புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வால் வகுத்து, 1000-ஆல் பெருக்கி மதிப்பெண் போடுவார்கள்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் இதற்கு அனுமதி தந்தது, கறாரான வரம்போடு: ஏற்கெனவே பயாப்ஸி செய்து புற்று தென்படாத, 50 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்களுக்கு மட்டும். மதிப்பெண் 25-க்குக் கீழே இருந்தால், மறுபடி ஊசி குத்தினாலும் புற்று அகப்படும் வாய்ப்பு குறைவு.