புயலுக்கு முன் ஒரு மூட்டை

எச்சரிக்கைச் சங்கு வாசல்வரைதான் வரும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் முடிவு குடும்பத்தின் கையில். ஒடிஷா மிகப்பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

1999 அக்டோபர் 29. அன்று ஒரிசா என்று அழைக்கப்பட்ட மாநிலத்தின் பாரதீப் துறைமுகத்துக்கு அருகே பெரும்புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 260 கி.மீ. ஆனால் ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா பகுதியை அழித்தது காற்று மட்டுமல்ல. ஏறத்தாழ 20 அடி உயரத்துக்கு எழும்பிய கடல், வயல்களைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. மண்சுவர் வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. அரசுக் கணக்குப்படியே மாநிலத்தில் இறந்தவர்கள் 9,885 பேர். பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தவர்கள்.

புயல் சொல்லாமல் வரவில்லை. வானொலி எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எச்சரிக்கையின் முழுப் பொருள் பலருக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் போக இடம்? செஞ்சிலுவைச் சங்கம் கட்டியிருந்த காப்பகங்கள் 23தான். அவற்றுக்குள் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 மே 3 அன்று, ஃபானி புயல் புரியைத் தாக்கியது. அதற்குள் சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போயிருந்தார்கள். மாநிலத்தில் இறந்தவர்கள் 64 பேர். 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே ஃபைலின் கரை கடந்தபோதும் இப்படித்தான்: சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் பேரழிவு பெருஞ்சேதத்தோடு நின்றது.

நடுவில் நடந்தது என்ன? 1999 டிசம்பரிலேயே பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பை ஒடிஷா உருவாக்கியது. நாட்டில் அதுதான் முதல் முயற்சி. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து ஓடத் தூண்களை மட்டும் நிறுத்தி, மேல்தளத்தில் மக்களைத் தங்கவைக்கும் காப்பகங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. 2018இல் கடலோரத்தில் 122 இடங்களில் சங்கு கோபுரங்கள் வந்தன. வானிலைத் துறையின் கணிப்பும் துல்லியமானது.

ஆனாலும் சங்கு ஊதியதும் எல்லோரும் எழுந்து போய்விடுவதில்லை. 'போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை' என்பது முதல் தடை. பூட்டிய வீட்டில் திருடன் புகுந்தால்? மாட்டை யார் பார்த்துக்கொள்வது? நடக்க முடியாத கிழவியை எப்படித் தூக்கிப் போவது? நூறு பேர் நெருக்கியடிக்கும் கூடத்தில் வயதுப்பெண் எங்கே படுப்பாள்? வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிடிவாதமாகத் தெரிவது, வீட்டுக்குள் இருப்பவருக்குக் கணக்கு. புயலுக்குத் தயாராவது என்றால் இந்தக் கேள்விகளுக்கு வானம் தெளிவாக இருக்கும்போதே பதில் தேடி வைப்பது.

முதல் பதில், மூட்டை. பட்டா, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பாலிதீன் உறையில் இருக்க வேண்டும். நிவாரணம் கேட்கும்போது, 'இந்த வீடு என்னுடையதுதான்' என்று நிரூபிக்க உதவுபவை இவைதான். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய உணவாக அவல், பொரி, வெல்லம். மூடியுள்ள கேனில் குடிநீர். அன்றாடம் மருந்து உட்கொள்பவர்களுக்கு ஒரு வாரத்து மாத்திரைகள். டார்ச், பேட்டரியில் ஓடும் வானொலி, முழுக்க சார்ஜ் ஏற்றிய செல்போன், தீப்பெட்டி, சாக்கு, மாற்றுத் துணி. கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் வேண்டும். ஃபானிக்குப் பிறகு புரியின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாவிட்டால் ஏ.டி.எம். வெறும் இரும்புப் பெட்டி.

இரண்டாவது பதில், நேரம். புயல் நெருங்குவதை வானிலைத் துறை படிப்படியாகச் சொல்கிறது: ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள் எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, 12 மணி நேரத்துக்கு முன் சிவப்பு. குடும்பமும் வேலைகளை இதே வரிசையில் பிரித்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பு வந்ததும் மூட்டையைச் சரிபார்ப்பது, கூரைத் தகடுகளை இறுகக் கட்டுவது, வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்டுவது. மஞ்சளில் தண்ணீர் பிடித்து வைப்பது, விதைநெல்லை உயரத்தில் ஏற்றுவது, படகைக் கரையேற்றிக் கட்டுவது. ஆரஞ்சில் முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதலில் கிளம்ப வேண்டும். ஃபானியின்போது பிரசவ நாள் நெருங்கியிருந்த நூற்றுக்கணக்கான பெண்களை அரசு முன்னதாகவே மருத்துவமனைகளில் சேர்த்தது. சிவப்பு வருவதற்குள் வீடு காலியாகியிருக்க வேண்டும். காற்று தொடங்கிய பிறகு சாலையில் இறங்குவது வீட்டில் இருப்பதைவிட ஆபத்து.

மாடுகளுக்கும் பதில் உண்டு. 1999இல் இறந்த கால்நடைகள் 4 லட்சத்துக்கும் அதிகம். தறியில் கட்டிய மாடு தண்ணீரில் நீந்தவும் முடியாது, ஓடவும் முடியாது. மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போக வழியில்லை என்றால், கயிற்றை அவிழ்த்துவிடுவதே அதற்குச் செய்யக்கூடிய உதவி.

கெட்டிக் கான்கிரீட் வீட்டில், கடல் ஏறாத மேட்டில் இருப்பவர்கள் அங்கேயே தங்கலாம். மின்சார மெயினையும் கேஸ் சிலிண்டரையும் மூடிவிட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறையில் இருக்க வேண்டும். பலரை ஏமாற்றிய ஒரு விஷயம், புயலின் கண். பேய்க்காற்று சட்டென்று நின்று வானம் வெளுக்கும். ஆபத்து நீங்கிவிட்டது என்று வெளியே வருகிறவர்கள் மீது, சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று பாயும். வானொலி சொல்லும்வரை கதவு திறக்கக் கூடாது. திறந்த பிறகும் அறுந்து கிடக்கும் மின்கம்பி, தண்ணீரில் வரும் பாம்பு, உப்புநீர் கலந்த கிணறு என்று ஆபத்துகள் காத்திருக்கும். சுவர் இடிந்தும் மரம் சாய்ந்தும் இறந்தவர்கள் ஃபானியில் பலர்.

கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர்களுக்கும் இது பொருந்தும். 2018 அக்டோபரில் தித்லி புயல் கரை கடந்த பிறகு, கஜபதி மாவட்ட மலைப்பகுதியில் பெருமழை கொட்டியது. பாராகரா என்ற கிராமத்தில் மழைக்காகக் குகை போன்ற இடத்தில் ஒதுங்கியவர்கள் மீது மண் சரிந்தது. பத்துப் பேருக்கு மேல் மடிந்தார்கள். கடலோரம் கற்ற பாடம் மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. எந்த ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும், ஒதுங்கும் இடம் பாதுகாப்பானதா என்பதை ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேட்டுக்கொண்ட ஊர்களும் உண்டு. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாஹி, கஞ்சம் மாவட்டத்தின் வேங்கடராய்பூர் ஆகிய இரண்டும் சுனாமியை எதிர்கொள்ளத் தயாரான ஊர்கள் என்று 2020இல் யுனெஸ்கோவின் கடலாய்வு ஆணையம் அங்கீகரித்தது. அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம், எந்த வழியாக எங்கே ஓடுவது என்ற ஏற்பாடு, வருடாந்திர ஒத்திகை — இவையே அந்த ஊர்களின் சொத்து.

மூட்டையால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடாது. ஃபானி லட்சக்கணக்கான வீடுகளைச் சிதைத்தது. ஓலைக் குடிசைக்காரர் உயிரோடு திரும்பி வந்து வெறும் தரையைத்தான் பார்த்தார். கெட்டியான வீடும் பயிருக்கு ஈடும் கிடைக்கும்வரை ஏழைக் குடும்பத்தின் தயார்நிலை பாதிதான்.

ஆனால் அந்தப் பாதியே 1999இல் பலருக்கு வாய்க்கவில்லை. வீட்டின் உயரமான ஆணியில் அந்தப் பாலிதீன் உறை தொங்கட்டும். வீட்டிலுள்ள கடைசிக் குழந்தைக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். இந்த ஆண்டு புயல் வராமல் போனால் நஷ்டம் ஒரு கிலோ அவல்தான்.