பி.எப்., பென்ஷன், கிராஜுவிட்டி: எது எப்போ கைக்கு வரும்?

திருப்பூர்: பனியன் கம்பெனி, மில் தொழிலாளர்கள் பலர் 'பி.எப். பணம்' என்று ஒரே பேரில் சொன்னாலும், ஓய்வுகாலப் பணம் 3 வகை.

அடிப்படை சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.15 ஆயிரம் என்றால், தொழிலாளியிடம் மாதம் ரூ.1,800 பிடிப்பார்கள். முதலாளியும் ரூ.1,800 போடணும். அதில் ரூ.1,250 பென்ஷனுக்குப் போகும், மீதி ரூ.550தான் பி.எப்.பில் சேரும்.

பி.எப். வட்டியோடு மொத்தமாக வரும். பென்ஷன் மாதாமாதம், 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயசில் முழுசாகக் கிடைக்கும். கிராஜுவிட்டி முழுக்க முதலாளி தருவது. நிரந்தரத் தொழிலாளிக்கு 5 வருஷம் முடிந்தால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்.

கம்பெனி மாறும்போது பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் பழைய சர்வீஸ் போச்சு. அதே யு.ஏ.என். நம்பரில் மாற்றிக்கொண்டால், அங்கே 6 வருஷம், இங்கே 4 வருஷம் என்றாலும் 10 ஆகிவிடும்.