அட்டன்பரோ: ஊர்ப்பெயர் ஒன்று வம்சப்பெயர் ஆன கதை

ஹாஸ்டலில் முதல் வாரம் ஞாபகம் இருக்கா? ஒருத்தனோட பேர் மனசுல நிக்கிறதுக்கு முன்னாடி ஊர் நின்னுடும். "டேய் தேனி, மெஸ்ஸுக்குப் போலாமா?" "கும்பகோணத்தை எங்கடா காணோம்?" நாலு வருஷம் முடியும்போது சிலரோட உண்மையான பெயரே மறந்து போயிருக்கும்.

இதில் ஒரு சின்ன விஷயம் கவனிங்க. தேனியில் அவனை யாரும் "தேனி" என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லாருமே தேனிதான். ஊரை விட்டுக் கிளம்பினவனுக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும்.

இங்கிலாந்தின் பல குடும்பப் பெயர்கள் பிறந்த விதம் இதுதான். அதில் ஓர் அரிய பெயர் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தது: அட்டன்பரோ. விலங்குகள் பற்றிய ஆவணப்படங்களில் அந்த மெல்லிய குரலில் பேசுகிற டேவிட் அட்டன்பரோ. 1982-ல் 'காந்தி' படத்தை இயக்கியவரும், 'ஜுராசிக் பார்க்'கில் வெள்ளைத் தாடியோடு டைனோசர் பூங்கா நடத்தியவருமான அவரது அண்ணன் ரிச்சர்ட் அட்டன்பரோ. ரெண்டு பேரும் உலகப் புகழ் பெற்றதால் இது ஏதோ சாதாரணப் பெயர் என்று தோன்றும். ஆனால் ஸ்மித், ஜோன்ஸ் மாதிரி தெருவுக்குத் தெரு கிடைக்கிற பெயர் இல்லை இது. இந்தப் பெயரின் வேரைத் தேடினால் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் போய் நிற்போம்.

ட்ரென்ட் ஆற்றங்கரையில் ஓர் ஊர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஒரு கிராமம் இருக்கிறது. டார்பிஷயர் மாவட்ட எல்லை பக்கத்திலேயே. ஊர்ப்பெயரின் கடைசிப் பகுதி, கோட்டை அல்லது அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். முற்பகுதியில் ஒளிந்திருப்பது ஒரு மனிதனின் பெயர். அதாவது, யாரோ ஒருவரின் பெயரில் ஊர் வந்தது. பல நூற்றாண்டு கழித்து அந்த ஊரின் பெயரில் மனிதர்கள் வந்தார்கள்.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது பெரும்பாலான மக்களுக்கு ஒரே பெயர்தான். வம்சப்பெயர் கிடையாது. முதலில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்லச் சாதாரண மக்களிடம் பரவியது. 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. தொழிலை வைத்து (ஸ்மித் என்றால் கொல்லர்), அப்பா பெயரை வைத்து (ஜான்சன் என்றால் ஜானின் மகன்), ஆளின் தோற்றத்தை வைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குன்றையோ ஓடையையோ வைத்து, ஊரை வைத்து எனப் பல வழிகளில் பெயர்கள் உருவாயின.

இங்கேதான் பொதுவான பெயருக்கும் அரிய பெயருக்கும் வித்தியாசம் வருது. கொல்லர் இல்லாத ஊர் ஏது? எனவே ஸ்மித் என்ற பெயர் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது. ஆனால் அட்டன்பரோ என்பது ஒரு குட்டி ஊர். அங்கிருந்து கிளம்பி அக்கம்பக்கத்து ஊரில் குடியேறிய ஒருவருக்கோ, சிலருக்கோ மட்டும்தான் அந்தப் பெயர் ஒட்டியிருக்க முடியும்.

பெயர் ஏன் ஊரை விட்டுத் தூரம் போகவில்லை?

ரயில் வருவதற்கு முன்னால் சாமானியனின் உலகம் ரொம்பச் சின்னது. நடந்து போகிற தூரத்தில் சந்தை, அதே தூரத்தில் கல்யாணம். அதனால் ஒரு பெயர் பிறந்து ஐந்நூறு வருஷம் ஆன பிறகும் அதே சுற்றுவட்டாரத்தில் கிடந்தது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை வரைபடத்தில் போட்டால் இது பளிச்சென்று தெரியும். அட்டன்பரோக்கள் அடர்த்தியாக இருப்பது நாட்டிங்ஹாம்ஷயரிலும் டார்பிஷயரிலும்தான்.

ஹென்றி குப்பி என்பவர் 1890-லேயே இந்த விஷயத்தைப் பிடித்துவிட்டார். பிரிட்டனில் எந்தப் பெயருக்கு எது சொந்த ஊர் என்று கண்டுபிடிக்க அவர் செய்த தந்திரம் அழகானது. எல்லாரையும் எண்ணாமல், விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்தார். ஏனென்றால் நிலத்தை விட்டு நகராதவன் விவசாயிதான். நம்ம பாஷையில் சொன்னா, சத்தத்தை வடிகட்டி சிக்னலை மட்டும் எடுத்திருக்கார்.

பெயர் எப்படிச் சிதறும் என்பதற்கு அந்தப் புகழ்பெற்ற குடும்பமே சாட்சி. சகோதரர்களின் அப்பா ஃபிரடெரிக் 1887-ல் நாட்டிங்ஹாம்ஷயரின் ஸ்டேபிள்ஃபோர்டில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அட்டன்பரோ கிராமத்திலிருந்து அது சில மைல் தூரம், அவ்வளவுதான். அதாவது அத்தனை நூற்றாண்டுகளில் பெயர் நகர்ந்தது அந்தச் சில மைல். பிறகு ஃபிரடெரிக் படித்தார். கேம்பிரிட்ஜ் போனார், அங்கே 1923-ல் ரிச்சர்ட் பிறந்தார். லண்டனை ஒட்டிய ஐல்வொர்த்தில் வேலை கிடைத்தது, அங்கே 1926-ல் டேவிட் பிறந்தார். 1932-ல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். ஐந்நூறு வருஷம் நகராத பெயரை ஒரு படிப்பும் சில வேலை மாற்றங்களும் பல ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டன. பழைய ஆங்கில அரசர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞர் அவர். தன் பெயருக்குள் இருக்கும் பழைய சொல்லை அவரைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

பெயரும் ஒய் குரோமோசோமும்

இனி நம்ம ஏரியா. இங்கிலாந்தில் குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். ஒய் குரோமோசோமும் அப்படியே. அப்படியென்றால் ஒரே அரிய பெயர் கொண்ட ஆண்களுக்கு ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் இருக்கணும், இல்லையா?

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். (ஃபிரடெரிக் முதல்வராக இருந்த அதே கல்லூரிதான் பின்னர் இந்தப் பல்கலைக்கழகம் ஆனது.) 2006-ல் வெளிவந்த முதல் ஆய்வில், ஒரே குடும்பப் பெயர் கொண்ட 150 ஜோடி ஆண்களை எடுத்தார்கள். சுமார் கால்வாசி ஜோடிகளுக்குச் சமீப நூற்றாண்டுகளில் ஒரு பொது மூதாதை இருந்தது தெரிந்தது. அரிய பெயர்களை மட்டும் பார்த்தால் அது பாதியை நெருங்கியது.

2009-ல் 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள் என்று ஆய்வு விரிந்தது. ஸ்மித்துகளுக்குள் இருந்த உறவு, தெருவில் போகிற யாரோ ரெண்டு பேருக்கு நடுவே இருப்பதைவிட அதிகமில்லை. ஆனால் அட்டன்பரோக்களில் ஏறத்தாழ 87% பேர் ஒரே கிளை: ஈ1பி1பி1. பிரிட்டனில் பெரும்பாலான ஆண்களிடம் இருப்பது ஆர்1பி என்ற கிளை. ஈ1பி1பி1 அங்கே அரிது. அரிய பெயருக்குள் அரிய குரோமோசோம்! தற்செயலாக இப்படிக் கூடியிருக்க வாய்ப்பே இல்லை. இன்றைய அட்டன்பரோக்களில் பெரும்பாலோர் ஒரே மனிதரின் ஆண்வழி வாரிசுகள்.

மீதி 13%? ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 700 வருஷத்தை 22 தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் 2% பேருக்குப் பெயர் ஒரு பக்கமும் குரோமோசோம் இன்னொரு பக்கமும் பிரிந்தால், 0.98-ஐ 22 முறை பெருக்கணும். விடை 0.64. வெறும் 0.6% பிரிந்தால், 0.994-ஐ 22 முறை பெருக்க 0.876 வரும். அதாவது 87% கிடைக்க, தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிரிவே போதும். இதைக் கேட்டதும் கிசுகிசு மாதிரி சிரிக்க வேண்டாம். தத்துப்பிள்ளை, மறுமணத்தில் வந்த பிள்ளை, அம்மாவின் பெயரையே வைத்துக்கொண்ட பிள்ளை, சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட மருமகன் என எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

அப்போ ஒருவர்தான் தொடக்கமா?

அவசரப்பட வேண்டாம். தொடக்கத்தில் நாலைந்து அட்டன்பரோக்கள் இருந்து, ஒருவரின் வம்சம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் இன்று இதே முடிவுதான் கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ள 1873-க்குப் போகணும்.

பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு பத்திரிகையில் கணக்காகவே போட்டார். (இதே கால்டன்தான் பின்னாளில் 'உயர்ந்த' பரம்பரையைப் பெருக்கணும் என்ற ஆபத்தான கொள்கைக்குப் பெயர் சூட்டினவர். அதையும் சேர்த்தே ஞாபகம் வைக்கணும்.) பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை தந்தார். 1874-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்டதுதான் நாம் நிகழ்தகவுப் பாடத்தில் பார்க்கிற கால்டன்–வாட்சன் முறை. எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டியது தப்பு. சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் பெயர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

நீங்களே பைதானில் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குச் சராசரி ஒரு மகன், பாய்சான் பரவல். விடையைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும், முந்தைய விடையிலிருந்து 1-ஐக் கழித்து அதை ஈ-யின் அடுக்காகப் போடுங்கள். ஒரு லூப், அவ்வளவுதான். 5 தலைமுறையில் அந்த வம்சம் அழிந்திருக்க வாய்ப்பு 73%. 10-ல் 84%. 20-ல் 91%. மக்கள்தொகை குறையவே இல்லை, கொள்ளைநோய் வரவில்லை. ஆனாலும் பத்தில் ஒன்பது வம்சப்பெயர் காலி! சும்மா அதிர்ஷ்டக் குலுக்கலிலேயே இவ்வளவு போய்விடும். தப்பிப் பிழைத்த ஒன்றுதான் பிறகு 'ஒரே மூதாதை' மாதிரி தெரிகிறது.

ஈசிஇ மக்களுக்கு ஒரு தகவல். டெலிபோன் டிராஃபிக்கை எந்த அலகில் அளக்கிறோம்? எர்லாங். அந்த ஆக்னர் க்ராரூப் எர்லாங் 1929-ல் இதே கேள்வியைத் தானும் எழுப்பினார். அவருடைய அம்மாவின் குடும்பப் பெயரான க்ராரூப் அழிந்துகொண்டிருந்தது. அதே வருஷம் அவரும் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அந்தப் பெயர் இன்று பாடப்புத்தகத்தில் அவருடைய பெயரின் நடுவில் இருக்கிறது. அணு உலையில் நியூட்ரான் பெருகுவதற்கும், தொற்றுநோய் பரவுவதற்கும் நாம் போடுவது இதே கணக்குதான்.

பெயர் சொல்லாத கதை

2007-ல் இதே லெஸ்டர் குழு இன்னொன்றை வெளியிட்டது. யார்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய பெயர். அந்தப் பெயர் கொண்ட 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் ஏ1 என்ற கிளை இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கர்களிடம், அதுவும் அபூர்வமாகவே காணப்படும் கிளை அது. அந்த ஏழு பேருக்கும் தங்களுக்கு ஆப்பிரிக்கத் தொடர்பு இருப்பது தெரியாது. ஆவணங்களைத் தோண்டியதில் அவர்களின் வம்சம் 1788-லும் 1789-லும் யார்க்ஷயரில் பிறந்த இருவர் வரை போனது. அந்த ஆப்பிரிக்க மூதாதை அதற்கும் முன்னால் இங்கிலாந்து வந்து வாழ்ந்து, பிள்ளை பெற்று, வரலாற்றில் ஒரு வரிகூட இல்லாமல் மறைந்தவர்.

எழுத்தில் இருந்தது ஆங்கிலப் பெயர் மட்டும். உடம்பில் இருந்தது வேறு கதை. "நாங்க சுத்தமான இந்த மண்ணின் ஆட்கள்" என்று பரம்பரைப் பெயரைக் காட்டிப் பேசுகிற யாரும் இந்த ஏழு பேரை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 22 தலைமுறைக்கு முன்னால் போனால் ஒருவருக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மூதாதை இடங்கள் வரும் (2-ஐ 22 முறை பெருக்குங்கள், பலர் திரும்பத் திரும்ப வருவார்கள்). வம்சப்பெயரும் ஒய் குரோமோசோமும் அதில் ஒரே ஒரு கோட்டைத்தான் பிடிக்கின்றன. எல்லா அம்மாக்களும், அவர்களின் அப்பாக்களும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அட்டன்பரோ கிராமத்தில் ஆற்றோரம் ஜல்லி தோண்டிய பள்ளங்கள் இன்று ஏரிகளாகிப் பறவைகள் சரணாலயமாக இருக்கின்றன. 1966-ல் அதைத் திறந்து வைத்தவர் டேவிட் அட்டன்பரோ. ஊரை விட்டுக் கிளம்பினதால் ஒட்டிக்கொண்ட பெயர், பல நூற்றாண்டு கழித்து அதே ஊருக்கு விருந்தாளியாக வந்து நின்றது.

அடுத்த தடவை ஹாஸ்டலில் யாரையாவது ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கொஞ்சம் யோசிங்க. நம்ம ஊரில் அது நாலு வருஷத்தில் மறைந்துவிடும். அங்கே எழுநூறு வருஷம் நின்றிருக்கிறது.